வாவிக் கரைக் குழந்தைகளின் குருதிச் சோகை: ஒரு விளக்கம்

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ என்பது வழக்கு. வாவியில் மீனும் இறாலும் நண்டும், படுவான்கரை வயல்களில் நெல்லும், மேய்ச்சல் நிலங்களில் பாலும் தயிரும் கிடைக்கும் இப்பிரதேசத்தைப் பற்றி எழுதுவோர் அதன் வளத்தையே முதலில் எடுத்துரைப்பர். ஆயினும், அவ்வாவியின் இரு கரைகளிலும் உள்ள தாய்-சேய் நல நிலையங்களில் இமையின் உட்புறம் வெளிறி, விளையாட்டில் நாட்டமின்றித் தாயின் தோளிற் சாய்ந்திருக்கும் குழந்தைகளையும் நாம் காண்கிறோம். உணவு விளையும் நிலத்திலே குருதி குன்றிய குழந்தைகள் இருப்பது எவ்வாறு? இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரு விடையே தரப்படுகிறது: ‘சத்துக் குறைவு, இரும்புச் சத்துப் பாணி கொடுத்தாற் சரியாகிவிடும்.’ பல குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்விடை உண்மையே. ஆனால், வேறு சில குழந்தைகளைப் பொறுத்தவரை அது தவறானது மாத்திரமன்று, தீங்கானதுமாகும்.

சோகை என்பது ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறியே. காய்ச்சலைக் கண்டதும் அதன் காரணத்தைத் தேடுவது போல, சோகையைக் கண்டதும் அதன் காரணத்தைத் தேடுதல் வேண்டும். இந்த எளிய கருத்தையும், அதன் மருத்துவ, சமூகப் பின்னணியையும் மருத்துவத் துறை சாராத வாசகரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்தின் வசதி கருதி இரு குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று எழுவான்கரையில் மீனவக் குடும்பமொன்றிலும், மற்றது படுவான்கரையில் வயற்கூலிக் குடும்பமொன்றிலும் பிறந்தவை. இரண்டிற்கும் வயது ஒன்றரை. இரண்டும் வெளிறியுள்ளன. இரண்டிற்கும் ஒரே பாணி கொடுக்கப்படுகிறது. ஒரு மாதத்தின் பின்னர் முதலாவது குழந்தை தேறுகிறது, இரண்டாவது தேறவில்லை. இவ்வேறுபாடு எதனால் ஏற்பட்டது?

குருதி குன்றுதல்

குருதியின் செந்நிறத்துக்குக் காரணமாக இருப்பது செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின் எனும் புரதமாகும். சுவாசப்பையில் ஒட்சிசனைப் பெற்று உடலின் இழையங்கள் அனைத்துக்கும் கொண்டு செல்வது அதுவே. செங்குழியங்கள் என்பு மச்சையில் உருவாகி, ஏறத்தாழ 120 நாட்கள் குருதியில் உலாவி, மண்ணீரலிலும் ஈரலிலும் அழிகின்றன. எனவே, குருதியில் உள்ள செங்குழியங்களின் அளவு ஒரு வரவு செலவுக் கணக்கைப் போன்றது. உற்பத்தி குறைந்தாலும், அழிவு கூடினாலும், குருதி உடலிலிருந்து வெளியேறினாலும் இருப்புக் குறையும். உலகிலுள்ள சோகை வகைகள் யாவும் இம்மூன்று காரணங்களுள் ஒன்றிலோ பலவற்றிலோ அடங்கும்.

எவ்வளவு குறைந்தாற் சோகை எனலாம்? உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 6 முதல் 23 மாதம் வரையான குழந்தைக்கு 10.5 கிராமிலும், 2 வயது முதல் 5 வயது நிறையும் வரை 11 கிராமிலும், 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமிலும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமிலும் குறையுமாயின் அது சோகையாகும். கண்ணாற் பார்த்து வெளிறலை மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று. கருநிறத் தோலில் வெளிறல் புலப்படுவது கடினம். மேலும், சோகை மெல்ல மெல்ல ஏற்படும்போது குழந்தையின் உடல் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால், நிலைமை முற்றிய பின்னரே பெற்றோர் அதனை உணர்வர்.

இரும்புக் குறைபாடு

நாம் கற்பித்துக்கொண்ட முதலாவது குழந்தையின் நிலை இதுவாகும். ஈமோகுளோபினை ஆக்க இரும்பு இன்றியமையாதது. நிறைமாதத்திற் பிறக்கும் குழந்தை, தாயிடமிருந்து பெற்ற இரும்பை உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம் வீதம் கொண்டுள்ளது. இவ்விருப்பு நான்கு முதல் ஆறு மாதங்கள் வரையே போதுமானது. குறைமாதத்திலோ குறைந்த நிறையுடனோ பிறந்த குழந்தையிடம் அது மேலும் விரைவாகத் தீர்ந்துவிடும். பிறந்தவுடன் தொப்புட்கொடியை இறுக்காது ஒரு நிமிடமேனும் தாமதித்தால், கொப்பூழ்வழி குழந்தையை வந்தடையும் மேலதிகக் குருதி இவ்விருப்பைக் கூட்டுகிறது. செலவேதுமற்ற இம்முறை பல மாதங்களுக்குப் பயன் தருவதாகும்.

தாய்ப்பாலில் உள்ள இரும்பு சிறிதளவே. எனினும் அது நன்கு உறிஞ்சப்படுகிறது. ஆறு மாதத்தின் பின் அது மட்டும் போதாது. இங்கேதான் இடர் தொடங்குகிறது. குழந்தைக்கு முதலில் ஊட்டப்படும் குழைந்த சோறும் கஞ்சியும் வயிற்றை நிரப்புகின்றனவேயன்றி இரும்பைத் தருவதில்லை. ஒரு வயது நிறையுமுன் பசுப்பாலைப் பிரதான உணவாகக் கொடுப்பதும் சோகைக்கு வழிவகுக்கும். அதில் இரும்பு அரிது; இளங் குழந்தையின் குடலில் நுண்ணிய குருதிக் கசிவையும் அது ஏற்படுத்தக்கூடும். பாலும் தயிரும் நிறைந்த நாட்டிலே இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் உண்மை அதுவே. உணவோடு சேர்த்துக் கொடுக்கப்படும் தேநீர் இன்னொரு தடையாகும். தேயிலையிலுள்ள தனின்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிணித்து உறிஞ்சவொட்டாது தடுக்கின்றன.

மறுபுறத்தில், இக்குறைபாட்டை நீக்கவல்ல உணவுகளும் இப்பிரதேசத்திலேயே உள்ளன. மீனிலும் மட்டியிலும் இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுவதோடு, கூட உண்ணும் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படவும் துணைபுரிகிறது. நெத்தலியை இடித்துச் சோற்றுடன் குழைத்தல், கீரைக்குத் தேசிக்காய்ப் புளி சேர்த்தல், உணவின் பின் கொய்யாவோ பப்பாசியோ கொடுத்தல் என்பன எளிய வழிகளாகும். ஆயினும் ‘இவற்றைக் கொடுங்கள்’ என்று தாய்க்கு அறிவுரை கூறுவதோடு நாம் நின்றுவிட முடியாது. வாவியிற் பிடிக்கப்படும் இறாலும் நண்டும் விலைபோவது வெளிச் சந்தைக்காகவே. பிடித்தவனின் வீட்டில் அவை உண்ணப்படுவது குறைவு. அறுவடைக் காலத்திற் கையில் பணமும், ஏனைய மாதங்களிற் கடனுமாக வாழும் வயற்கூலிக் குடும்பத்தில் உணவின் தரத்தை நிர்ணயிப்பது தாயின் அறியாமையன்று, குடும்பத்தின் வருமானமே.

இரும்புக் குறைபாட்டை இரண்டு முதன்மைக் காரணிகள் மேலும் தீவிரமாக்குகின்றன. ஒன்று கொழுக்கிப்புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும் இப்புழு குடலிற் பற்றி நின்று குருதியை உறிஞ்சுகிறது. 1916ஆம் ஆண்டிலேயே றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையின் தோட்டப்பகுதிகளில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினர். புழு மருந்து மாத்திரம் போதாது, மலசலகூடமும் காலணியும் வேண்டும் என்பதே அவ்வகை இயக்கங்கள் புகட்டிய பாடமாகும். மற்றையது பருவமடைந்த சிறுமியரின் மாதாந்தக் குருதி இழப்பு. வளர்ச்சியின் தேவையும் இவ்விழப்பும் ஒருங்கே சேரும் வயதில் உணவிலும் பின்தள்ளப்படும் சிறுமி, நாளை சோகையுற்ற தாயாகி, இரும்பிருப்புக் குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். வறுமை இவ்வாறும் தலைமுறை தாண்டுகிறது.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். மண், சாம்பல், பச்சையரிசி முதலியவற்றைத் தின்னும் குழந்தையை நாம் அதட்டுகிறோம், அடிக்கவும் செய்கிறோம். அது பல வேளைகளில் இரும்புக் குறைபாட்டின் அறிகுறியாகும். அவ்வாறே வகுப்பிற் கவனமின்றியிருக்கும் பிள்ளை சோம்பேறி எனப் பெயர் பெறுகிறது. இரும்பு மூளையின் வளர்ச்சிக்கும் தேவையானது. முதல் இரண்டு ஆண்டுகளில் நேரும் குறைபாட்டின் விளைவுகள், பின்னர் சோகை நீங்கிய போதிலும் முற்றாக நீங்காதிருக்கக் கூடும்.

மலேரியா விட்டுச்சென்ற மரபு

இனி, தேறாத இரண்டாவது குழந்தையிடம் வருவோம். அதன் நிலையை விளங்கிக்கொள்ள இத்தீவின் நோய் வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியமாகும்.

இலங்கையின் வரண்ட வலயம் நீண்ட காலமாக மலேரியாவின் உறைவிடமாக இருந்தது. மட்டக்களப்பும் அதனுள் அடங்கும். மலேரியாக் கிருமி செங்குழியத்தினுட் பெருகி அதனை உடைத்து வெளியேறுகிறது. ஆதலால் அடிக்கடி காய்ச்சலுற்ற குழந்தைகள் சோகையும் வீங்கிய மண்ணீரலும் உடையோராயினர். மண்ணீரல் வீங்கிய சிறுவரின் வீதத்தைக் கொண்டே அக்கால ஆய்வாளர் ஒரு கிராமத்தின் மலேரியா நிலையை அளவிட்டனர். 1934-35இல் தென்மேற்குப் பகுதியைப் பெரிதும் தாக்கிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிப்புத் தொடங்கியபின் நோய் வேகமாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்ததும் அதே பத்தாண்டின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் மலேரியாவின் சுமையைப் பெரிதும் தாங்கின. 2012இன் பின்னர் உள்நாட்டிற் தொற்றிய நோயாளர் எவரும் இல்லாத நிலையில், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிக்கப்பட்ட நாடாகச் சான்றளிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத் துறை பெருமைகொள்ளத்தக்க வெற்றி இது.

நுளம்பு கொண்டுவந்த கிருமி ஒழிந்தது. ஆனால் மலேரியா எமது குருதியிற் பதித்த சுவடு ஒழியவில்லை. 1949ஆம் ஆண்டில் ஜே. பீ. எஸ். ஹால்டேன் ஒரு கருத்தை முன்வைத்தார். தலசீமியா எனும் பரம்பரைக் குருதி நோயின் அலகை ஒரு பெற்றோரிடமிருந்து மாத்திரம் பெற்றவர் நோயாளராவதில்லை. மாறாக, மலேரியாவிலிருந்து அவர் ஓரளவு பாதுகாப்புப் பெறுகிறார். ஆகையாலேயே மலேரியா மலிந்த நாடுகளில் அவ்வலகு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்பதே அக்கருத்து. பிற்கால ஆய்வுகள் அதனைப் பெரிதும் உறுதி செய்துள்ளன. இலங்கையின் 25 மாவட்டங்களிலும் 7,500க்கு மேற்பட்ட பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, பரம்பரை ஈமோகுளோபின் மாற்றங்கள் இச்சிறு தீவினுள்ளேயே இடத்துக்கிடம் பெரிதும் வேறுபடுவதையும், அவ்வேறுபாட்டுக்கும் முற்கால மலேரியாவுக்கும் தொடர்பிருப்பதையும் காட்டியது. நாடு முழுவதையும் நோக்கின், பீற்றா தலசீமியாக் காவிகள் 100 பேருக்கு ஏறத்தாழ இருவராவர்.

ஈமோகுளோபினில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் உள. கருவிலிருக்கும் குழந்தையிடம் பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி உண்டு. பிறந்து சில மாதங்களிற் காமா ஒதுங்கப் பீற்றா அவ்விடத்தைப் பெறும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பீற்றா அலகைப் பெற்ற குழந்தையால் இம்மாற்றத்தை நிறைவேற்ற முடிவதில்லை. செங்குழியங்கள் முற்றி வெளிவருமுன்னரே மச்சையில் அழிகின்றன. குழந்தை வெளிறுகிறது; மண்ணீரலும் ஈரலும் பெருக்கின்றன; காலப்போக்கில் முகவென்புகளும் உருமாறுகின்றன. கடுமையான வகையில் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதியேற்றாவிடில் குழந்தை பிழைப்பதரிது. ஒரு பீற்றாத் தலசீமியா அலகும் ஓர் ஈமோகுளோபின் ஈ அலகும் சேரும் வகையும் இலங்கையிற் காணப்படுகிறது. அதன் கடுமை ஆளுக்காள் வேறுபடும்.

ஒரே தோற்றம், வெவ்வேறு காரணம்

இங்கு ஒரு பொருத்தத்தை வாசகர் கவனித்திருப்பர். தாயிடமிருந்து பெற்ற இரும்பு தீர்வதும், காமாச் சங்கிலி ஒதுங்குவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அதாவது முதலாம் ஆண்டின் பிற்பாதியில், நிகழ்கின்றன. ஆகவே இரு வகைச் சோகையும் ஒரே வயதில் வெளிப்படுகின்றன. நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலும் இரண்டிலும் செங்குழியங்கள் சிறுத்து வெளிறியே காணப்படும். தவறு நேர்வதற்குரிய சூழல் இயற்கையிலேயே அமைந்துள்ளது.

அத்தவறின் விலை பெரிது. தலசீமியா நோயாளரின் குடல் இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சும். ஏற்றப்படும் ஒவ்வொரு அலகு குருதியும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பைச் சேர்க்கும். அதனை வெளியேற்றும் வழி மனித உடலுக்கு இல்லை. சேர்ந்த இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. அதனை அகற்ற டெஸ்பெரியொக்சமின் மருந்தைத் தோலின் கீழ்ச் சிறு பம்பியின் மூலம் வாரத்தில் ஐந்தாறு இரவுகள் செலுத்தினர்; இன்று வாய்வழி மருந்துகளும் உள. இத்தகைய குழந்தைக்கு மாதக்கணக்காக இரும்புப் பாணி ஊட்டுவது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

எனின், எல்லாக் குழந்தைகளுக்கும் இரும்பை மறுப்பதா? அன்று, அது இன்னும் பெரிய தவறாகும். 2006-07இல் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சோகையுற்றிருந்தனர். 2012இல் அது 15 சதவீதமளவுக்குக் குறைந்தது. அவ்வாறு சோகையுற்றோரிலும் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடமே இரும்புக் குறைபாட்டுச் சோகை காணப்பட்டது. அரைவாசி என்பது இரும்பைக் கைவிட முடியாத அளவு. அதேவேளை, இரும்போடு நின்றுவிடவும் முடியாத அளவு.

தீர்வு முறையான கவனிப்பில் உள்ளது. இரும்புக் குறைபாடாயின், சரியான அளவில் மருந்து பெற்ற குழந்தையின் ஈமோகுளோபின் நான்கு வாரங்களில் ஏறத்தாழ 1 கிராம் உயரும். உயர்ந்தால், இருப்பு நிரம்புவதற்காக மேலும் இரண்டு மூன்று மாதங்கள் மருந்தைத் தொடர்தல் வேண்டும். உயராவிடில், மருந்து உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று வினவியபின், வேறு காரணத்தைத் தேடல் வேண்டும். போத்தலுக்குமேற் போத்தல் கொடுத்தலாகாது. முழுக் குருதிக் கணிப்பு அறிக்கையிலேயே ஒரு குறிப்பு உண்டு. செங்குழியத்தின் சராசரிக் கனவளவை, மில்லியனிற் தரப்படும் செங்குழிய எண்ணிக்கையால் வகுக்க வரும் ஈவு 13இலும் குறைந்தால் தலசீமியாக் காவி நிலையையும், கூடினால் இரும்புக் குறைபாட்டையும் நினைத்தல் வேண்டும். 1973இல் மென்சர் என்பார் கூறிய இக்கணக்கு முடிந்த முடிபன்று, மேற்சோதனைக்கு வழிகாட்டுவது. பெரற்றின் அளவீடும் ஈமோகுளோபின் பகுப்பாய்வுமே முடிவைத் தருவன. காவியாக மட்டுமுள்ள குழந்தைக்கு இரும்புக் குறைபாடும் சேர்ந்திருக்கக்கூடும். அப்போது இரும்பு கொடுத்தல் தகும்.

இவ்விரண்டும் அல்லாத காரணங்களும் உள. காய்ச்சலோடும், தோலிற் கன்றிய புள்ளிகளோடும், என்பு நோவோடும் வெளிறும் குழந்தைக்குக் குருதிப் புற்றுநோய் இருக்கலாம். அதனை உடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அந்நோய் இன்று பெரும்பாலும் குணமாக்கத்தக்கதே. ஜீ-6-பீ-டீ நொதியம் குறைந்த ஆண்குழந்தை சில மருந்துகளாலோ, துணிப் பெட்டியில் இடும் நப்தலீன் உருண்டையின் ஆவியாலோ திடீரெனச் சோகையுற்று, தேயிலைச் சாயம் போற் சிறுநீர் கழிக்கக்கூடும்.

குடிவழியும் குருதிவழியும்

மட்டக்களப்புச் சமூகத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று தாய்வழிக் குடிமுறையாகும். ஒரே குடியினர் தம்முள் மணம் செய்வதில்லை. இவ்விதி நெருங்கிய இரத்த உறவினரின் மணத்தைத் தடுத்துவிடுகிறது எனச் சிலர் கருதுவர். அது ஒரு பகுதி உண்மையே. மாமன் மகளும் அத்தை மகனும் வெவ்வேறு குடியினராதலால் மச்சான்-மச்சாள் மணம் ஏற்புடையதாகவும் விரும்பப்படுவதாகவும் உள்ளது. குடி தாய்வழியே செல்கிறது. பரம்பரையலகோ இருவழியும் செல்கிறது. காவியான ஒருவனின் உரிமை மச்சாளிடம், பொதுப் பாட்டன் பாட்டியர் வழியாக அதே அலகு இருக்கும் சாத்தியம் எட்டில் ஒன்றாகும். உறவற்ற பெண்ணொருத்தி காவியாயிருக்கும் சாத்தியம் நாட்டுச் சராசரியில் ஐம்பதில் ஒன்றளவே.

காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுற்ற குழந்தை பிறக்கும் சாத்தியம் நான்கில் ஒன்று. முதற் குழந்தை நோயுற்றால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. நாம் மச்சான்-மச்சாள் மணத்தைத் தடைசெய்யக் கோரவில்லை. மணத்துக்குமுன் ஒரு குருதிச் சோதனையையே கோருகிறோம். சாதகப் பொருத்தம் பார்க்கும் இடத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். காவியாயிருத்தல் நோயுமன்று, குறையுமன்று. நோயுற்ற குழந்தை பிறந்தாற் பழி பெண்ணின்மீதே சுமத்தப்படுகிறது. ஆனால் இருவரிடமிருந்தும் அலகு வராமல் இந்நோய் வருவதில்லை என்பதே விஞ்ஞானம் கூறும் உண்மையாகும்.

வாவியைக் கடத்தல்

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு இப்பிரதேசத்தை இரு கரைகளாகப் பிரிக்கிறது. நகரின் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் எழுவான் பக்கத்தைச் சார்ந்தவை. படுவான்கரைத் தாய் நீண்ட காலம் தோணியையும் ‘பாதை’ எனப்படும் மிதவையையும் நம்பியே பிள்ளையைச் சுமந்து வந்தாள். போர்க்காலத்தில் வாவியோடு காவலரண்களையும் கடக்க வேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமை பெரிய மாற்றமே. எனினும் ஒரு நாட் கூலியை இழந்து வரும் தாய், அறிக்கைக்காக இன்னொரு நாளும் வரப் பணிக்கப்படும்போது அவள் வராது விடுவதில் வியப்பில்லை. பாலம் நீரைக் கடக்க உதவும். வறுமையைக் கடக்க உதவாது.

ஆதலின் நாம் வலியுறுத்த விரும்புவன சில. சோகையுற்ற குழந்தையின் ஈமோகுளோபினை நான்கு வாரத்தின் பின் மீளவும் அளக்கும் வசதி கிராமச் சிகிச்சை நிலையத்திலேயே இருத்தல் வேண்டும். குருதி மாதிரியே வாவியைக் கடக்க வேண்டும். குழந்தை கடக்கத் தேவையில்லை. பாடசாலை மேல்வகுப்புகளில் தலசீமியாக் காவிச் சோதனை பற்றிய அறிவு ஊட்டப்படுதல் வேண்டும். 1973இல் தொடங்கிய திரிபோஷா போன்ற போசாக்குத் திட்டங்கள், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நேர்ந்தது போல, பொருளாதாரம் தளரும்போது முதலில் தளர்வனவாக இருத்தலாகாது. அவை மிகத் தேவைப்படுவது அக்காலத்திலேயே.

எமது இரண்டாவது குழந்தை தேறாமைக்குக் காரணம் மருந்தின் தவறுமன்று, தாயின் தவறுமன்று. ‘ஏன் தேறவில்லை?’ என்று எவரும் கேளாமையே காரணம். அவ்வினாவைக் கேட்கும் பழக்கம் மருத்துவரிடத்தும், குடும்ப நல உத்தியோகத்தரிடத்தும், ஆசிரியரிடத்தும், பெற்றோரிடத்தும் வேரூன்றுமாயின், இவ்வாவிக் கரையிற் பல குழந்தைகள் பிழைப்பர்.